ஜாக்கியின் பிடி

படுக்கை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டி, படுத்திருப்பவரின் முதுகுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தன ஜாக்கியின் கைகள். படுத்திருந்தவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். கனத்த உடம்பு, வலப்பக்கம் முழுவதும் செயலிழந்துவிட்டது. விரிப்பில் ஒரு சுருக்கம் மிஞ்சினால் போதும், மாலைக்குள் முதுகில் சிவந்த கோடு விழும், அப்புறம் அதுவே புண்ணாகும். அதனால் ஜாக்கி விரல்களின் பின்பக்கத்தால் துணியைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்கு ஒன்றும் தெரியாது என்பார்.

"என் பக்கம் சாய்ங்கப்பா."

"சாய்ஞ்சா பிடிப்பியா?"

"இல்ல, கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாப்பேன்."

ரயில்காரர் பாதி வாயால் சிரித்தார். கட்டிலின் மறுபக்கம் நின்ற டீச்சர் சிரிக்கவில்லை.

"அவரு பெரியவரு. கிண்டல் பண்ணாம வேலையப் பாக்கலாமே" என்றார்.

"கிண்டல் பண்ணலைன்னாத்தான் அவருக்குக் கோவம் வரும், டீச்சரம்மா."

டீச்சர் விரிப்பின் தன் பக்கத்து ஓரத்தைப் பிடித்து இழுத்து, மூலையை மடித்துச் செருகினார். ஜாக்கி மடித்த மூலையையும் டீச்சர் ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டு, வந்து அதைப் பிரித்துத் தன் முறையில் மீண்டும் மடித்தார். எங்கள் இல்லத்தில் அப்போது நிலவரம் அப்படி இருந்தது.

நடமாட முடியாதவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அந்த இல்லத்தில் நான் மூத்த நர்ஸாக இருந்தேன். ஜாக்கி பராமரிப்பு உதவியாளர். அதற்கு முன்னால் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். அவருடைய அப்பா எங்களிடம் படுக்கையில் கிடந்தபோது, தினமும் பட்டறையிலிருந்து கிரீஸ் வாடையோடு வந்து அவரை ஒற்றை ஆளாகத் தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பார். பக்கத்துக் கட்டில்காரர்கள், தம்பி என்னையும் கொஞ்சம் தூக்கி விடேன் என்று கேட்கத் தொடங்கினார்கள். லாரிக்கு அடியில் கொடுக்கிற ஜாக்கி மாதிரி இருக்கிறான் என்று அவர்களில் ஒருவர் சொன்னதுதான் பெயராக நிலைத்தது. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. அப்படியானால் சம்பளத்துக்கே வரட்டும் என்று நிர்வாகத்திடம் நான் சொன்னேன்.

பலம் இருந்தது, தூக்கத் தெரியவில்லை. ஒற்றை ஆளாகத் தூக்குகிறவர் ஒருநாள் தன் முதுகை உடைத்துக்கொள்வார், இல்லாவிட்டால் தூக்கப்படுகிறவரின் தோளை. இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இன்னொரு ஆள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் அவர் முதலில் பழகினார். அது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பழகிக்கொண்டார்.

எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவரைப் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது நடுவில் ஒரு கணம் வரும். அதுவரை முதுகைத் தாங்கியவர் விலகி நாற்காலியை இழுக்க வேண்டும். மற்றவர் அந்த முதுகை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியவர் 'பிடிச்சாச்சு' என்று சொல்கிற வரைக்கும் முதலாமவர் கையை எடுக்கமாட்டார். பக்கத்து அறையில் இடி விழுந்தாலும் எடுக்கமாட்டார். இதை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. சமையலறையில் பெரிய பாத்திரத்தை இறக்கும்போதுகூட அந்தச் சொல் கேட்கும்.

இந்த நிலையில்தான் இரண்டு இல்லங்கள் ஒன்றாயின. பாலத்துக்கு அப்பால் எங்களைப் போலவே இன்னொரு இல்லம் இருந்தது. சாலையை அகலப்படுத்த அந்தக் கட்டடத்தை இடிக்கிறார்கள் என்று, இரண்டு நிர்வாகங்களும் பேசி முடித்து, அவர்களை எங்கள் கட்டடத்துக்குக் கொண்டுவந்தார்கள். கட்டில்கள் வந்தன, கட்டில்களில் கிடந்தவர்கள் வந்தார்கள், பார்த்துக்கொண்டவர்களும் வந்தார்கள். கூடவே இரண்டுக்கும் பொதுவாக ஒரு புது நிர்வாகியம்மா. கறாரானவர், ஆனால் கெட்டவர் அல்ல. முதல் நாளே எல்லாரையும் கூடத்தில் நிற்கவைத்துப் பேசினார்.

"இங்கேருந்து ஒருத்தர், அங்கேருந்து ஒருத்தர். ஒவ்வொரு ஜோடியும் அப்படித்தான் இருக்கணும். பழைய வீடு, புது வீடுன்னு பேச்சே வரக் கூடாது. இன்னொண்ணையும் மறைக்காம சொல்லிடறேன். எல்லாருக்கும் இடம் இருக்காது. கொஞ்ச நாள் பாப்போம். யாரு இருக்கணும்னு உங்க வேலைதான் சொல்லணும்."

முதல் பாதியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். கடைசி வாக்கியம் மட்டும் எல்லார் காதிலும் தங்கியது. அன்றிலிருந்து ஒருவர் தப்பை ஒருவர் பார்க்கிற வேலை, நோயாளிகளைப் பார்க்கிற வேலையைவிட மும்முரமாக நடந்தது.

பாலத்துக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் வேலை செய்யும்போது பேச மாட்டார்கள். கண்ணாலேயே முடித்துக்கொள்வார்கள். எங்கள் ஆட்கள் அவர்களுக்கு 'ஊமைப்படம்' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் எங்களுக்கு 'ரேடியோ' என்று வைத்தார்கள். இரண்டும் பொருத்தமாகத்தான் இருந்தன. அவர்கள் படுத்திருப்பவரை ஐயா, மேடம் என்றார்கள். நாங்கள் அப்பா, அம்மா என்றோம். அவர்கள் உடம்பு துடைக்கும்போது திரையை முழுதாக இழுத்து மூடினார்கள். எங்கள் ஆட்கள் பாதி மூடிவிட்டுப் பேச்சைத் தொடருவார்கள். அந்த விஷயத்தில் அவர்கள் செய்ததுதான் சரி, நானே சொல்லியிருக்கிறேன். கேட்டால்தானே.

டீச்சர் உண்மையில் டீச்சர் அல்ல. அந்த இல்லத்தில் நெடுநாள் உதவியாளர். யார் எதைச் செய்தாலும் திருத்துவார் என்பதால் அவர்கள் வைத்த பெயர் அது. ஜாக்கியும் அவரும் ஒரு ஜோடியானார்கள்.

முதல் வாரத்திலேயே ஜாக்கி ஒன்றைக் கவனித்துவிட்டார். முதுகை வாங்க அவர் நீட்டும் கை பட்டதும் டீச்சரின் கை விலகிவிடுகிறது. சொல்லுக்காக அவர் காத்திருப்பதில்லை. அவர்கள் இல்லத்தில் கை பட்டால் போதும். பட்ட கை பிடித்த கை. ஜாக்கி அதைத் தேநீர் வேளையில் எங்கள் ஆட்களிடம் சொல்லியிருக்கிறார். மற்றவர்களும் தங்கள் ஜோடியிடம் அதையே பார்த்திருந்தார்கள். டீச்சரிடம் பேசிவிடலாம் என்று ஜாக்கி சொன்னபோது மீசை தடுத்திருக்கிறார். மீசையும் எங்கள் உதவியாளர்தான், ஜாக்கிக்கு அடுத்த பழைய ஆள்.

"எதுக்குண்ணே? நம்மள ரேடியோன்னு சொல்றாங்க இல்ல, சொல்லட்டும். அவங்க தப்பு அவங்ககிட்டயே இருக்கட்டும். நாளைக்கு ஆளக் குறைக்கும்போது யாரு எப்படின்னு தானா தெரியும்."

ஜாக்கி பேசாமல் இருந்துவிட்டார். கையை நீட்டும்போதே காலை ஊன்றிக்கொண்டு, முழுப் பிடியோடு நீட்டிச் சமாளித்தார். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படியே சமாளித்தார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. கதை புரிய வேண்டுமே என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சமாளிப்பு ஒருநாள் தவறியது. காலையில் தையல்காரம்மாவை நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே பலமில்லாதவர். நாக்குக்கு மட்டும் குறைவில்லை. டீச்சர் அவரைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து முதுகைத் தாங்கியிருந்தார். ஜாக்கி சுற்றி வந்து கையைக் கொடுத்தார். தரை அப்போதுதான் துடைத்திருந்தது. ஊன்றின கால் கொஞ்சம் வழுக்க, அவர் பார்வை ஒரு நொடி காலுக்குப் போனது. கை பட்டதும் டீச்சர் விட்டுவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார்.

சத்தம் கேட்டு நான் போனபோது தையல்காரம்மா தரையில் கிடந்தார். இடது கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. ஜாக்கியும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்தபடி மண்டியிட்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்கிட்டது போதும், என்னைத் தூக்குங்க" என்றார் தையல்காரம்மா.

தூக்கவிடவில்லை நான். தலை, கழுத்து, இடுப்பு எல்லாம் பார்த்தேன். இடது மணிக்கட்டு உடைந்திருந்தது. அட்டை வைத்துக் கட்டி மருத்துவமனைக்கு அனுப்பினேன். மதியத்துக்குள் மாவுக்கட்டோடு திரும்பிவிட்டார். நிர்வாகியம்மா அவருடைய மகனிடம் தொலைபேசியில் பேசினார். மறுநாள் காலை வருவதாகச் சொன்ன மகன், ஒரே ஒரு கேள்விதான் கேட்டானாம்: விட்டது யார்?

"அவர் வரதுக்குள்ள எனக்கு ஒரு பேர் தெரிஞ்சாகணும்" என்றார் நிர்வாகியம்மா. "பொதுவா வருத்தப்படறோம்னு சொல்லி அனுப்ப முடியாது. தப்பு செஞ்சவங்க இங்க இருக்க முடியாது. சாயங்காலம் ரெண்டு பேரையும் தனித்தனியா கூப்பிடுங்க, சிஸ்டர். நீங்களும் கூட இருங்க."

பழைய வேலைக்குத் திரும்பிப் போகிற வயதை ஜாக்கி தாண்டியிருந்தார். மகள் கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள், மருமகன் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தான். வீடு ஜாக்கி கொண்டுவருவதில்தான் ஓடியது. சாப்பாட்டு வேளையில் அவருடைய மனைவி தொலைபேசியில் கூப்பிட்டார். ஜாக்கி எப்போதும் ஒலிபெருக்கியை வைத்துத்தான் பேசுவார். நடைவழியில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"மீசைத் தம்பி சொல்லிச்சு. அந்தம்மாதானே கைய எடுத்தாங்க? அதச் சொல்லிட்டு வாங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"நானும் அவங்ககிட்டச் சொல்லியிருக்கணும் இல்ல."

"இத்தன வருஷத்துல வீட்டுல எதையாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கீங்களா? கேஸ் தீர்ந்துபோச்சுன்னுகூட சொல்ல மாட்டீங்க. இங்க தொறக்காத வாய அங்க போய்த் தொறக்கணுமா?"

"சரி, வையி."

"வைக்கிறேன். பச்சப்பிள்ள வீட்டுல இருக்குன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க."

உடை மாற்றும் அறைக்கும் நான் துணி அடுக்கிக்கொண்டிருந்த அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். மதியம் எங்கள் ஆட்கள் அங்கே கூடினார்கள்.

"ஒரே பேச்சா இருக்கணும்" என்றது மீசையின் குரல். "அண்ணன் வாங்கறதுக்கு முன்னாடியே அவங்க விட்டுட்டாங்க. அவ்வளவுதான். நம்மள யாரு கேட்டாலும் அதத்தான் சொல்லணும்."

"அது பொய்யும் இல்லையே" என்றார் சமையலறை அக்கா.

"பொய்யுன்னு யாரு சொன்னா?"

"அப்புறம் ஏன் இந்த மனுஷன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறாரு?"



"அண்ணே, நீங்க போனா நாங்க நாலு பேரும் வரிசையா போவோம்" என்றார் மீசை. "அவங்க டீச்சரே தப்பு பண்ணாங்கன்னு ஆயிட்டா, குறைக்கறது அந்தப் பக்கம் குறையும். உங்களுக்காக மட்டும் கேக்கல. எங்களுக்காகவும்தான் கேக்கறேன்."

"தெரியுதுடா" என்றார் ஜாக்கி.

வெளியே தண்ணீர்க் குழாய் அருகே அந்த இல்லத்து ஆட்கள் டீச்சரைச் சுற்றி நின்றார்கள். அவர்கள் வழக்கப்படி சத்தமே இல்லை. ஆனால் அங்கும் இதே பேச்சுத்தான் என்று நிற்கிற விதத்திலேயே தெரிந்தது.

மாலையில் நிர்வாகியம்மாவின் அறைக்கு ஜாக்கி முதலில் வந்தார். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"என்ன நடந்துச்சு?"

"கை குடுத்தேன். கால் வழுக்கிச்சு. பிடி விழல. அதுக்குள்ள அவங்க விட்டுட்டாங்க."

"அப்போ அவங்க முன்னாடியே விட்டுட்டாங்க."

ஜாக்கி தலையை மட்டும் ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். நிர்வாகியம்மா பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

"எங்க வழக்கப்படி முன்னாடிதான்" என்றார் ஜாக்கி. "அவங்க வழக்கப்படி இல்ல. அவங்க வீட்டுல கை பட்டா விட்டுடுவாங்க. நாங்க பிடிச்சாச்சுன்னு சொல்ற வரைக்கும் விட மாட்டோம். அவங்களுக்கு அது தெரியாது."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அவங்க வந்த வாரமே தெரியும்."

"சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

ஜாக்கி முழங்கால்களின் மேல் வைத்திருந்த தன் கைகளைப் பார்த்தார். "ஆளக் குறைப்பீங்கன்னு சொன்னீங்க. அவங்க தப்பு பண்ணா எங்களுக்கு நல்லதுன்னு இருந்துட்டேன். தரையில அந்தம்மா கிடப்பாங்கன்னு நெனக்கல."

"நீங்க மட்டுமா, உங்க ஆளுங்க எல்லாருமா?"

"நான் என்னையத்தான் சொல்றேன்."

நிர்வாகியம்மா பேனாவை மூடினார். "இதச் சொன்னதால உங்க வேலை போகலாம். அது தெரியுமா?"

"வீட்டுல போன்லயே சொல்லிட்டாங்க" என்றார் ஜாக்கி.

அடுத்து டீச்சர் வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

"அவர் கை இருந்தது. நான் விட்டேன். நாங்க அப்படித்தான் செய்வோம்."

"இவங்க ஒரு வார்த்தை சொல்வாங்களே, கேட்டதில்லையா?"

"கேட்டிருக்கேன். எப்பவும் எதையாவது பேசிக்கிட்டே இருக்காங்க. அதுவும் அதுல ஒண்ணுன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அவர் என்னைப் பத்தி என்ன சொன்னார்?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னார்."

டீச்சர் அதை எதிர்பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "கேட்டிருக்கலாம் நான்" என்றார். "அவங்ககிட்டப் போய் இதுக்கு என்ன அர்த்தம்னு கேக்க ஒரு மாதிரி இருந்தது."

இருவரும் மறு உத்தரவு வரும்வரை நோயாளிகளைத் தொடக் கூடாது என்று நிர்வாகியம்மா சொல்லிவிட்டார். மகன் வந்த பிறகு முடிவு.

ஜாக்கி என்ன சொன்னார் என்பது அவர் சட்டை மாற்றுவதற்குள் பரவிவிட்டது. மீசை தன் பையை எடுத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியேறினார். சமையலறை அக்கா மட்டும், "வீட்டுக்குப் போனா பாத்து நடந்துக்கங்க, இன்னிக்கு உங்களுக்கு அங்கயும் விசாரணை இருக்கு" என்றார். அது நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். மனைவி திட்டவே இல்லையாம். பாத்திரங்களைப் பேசவிட்டாராம்.

மறுநாள் காலை வேலை மாறும் நேரத்துக்கு முன்பே ஜாக்கி வந்துவிட்டார். பழுது பார்க்க ஓரமாக வைத்திருந்த ஒரு காலிக் கட்டிலைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு சக்கர நாற்காலியையும் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டார். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்று பார்த்தார்கள்.

"என்ன இது?" என்றேன்.

"நோயாளியத்தானே தொடக் கூடாதுன்னாங்க, சிஸ்டர். என்னை யாரு வேணா தொடலாம். தூக்கிப் பாக்கட்டும். இங்கேருந்து ஒருத்தர், அங்கேருந்து ஒருத்தர்."

யாரும் அசையவில்லை. இரண்டு கூட்டமும் இரண்டு சுவர் ஓரத்தில் நின்றன. மீசை முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு எரிச்சல் வந்தது.

"காலைச் சாப்பாட்டு நேரம் ஆகுது" என்றேன். "மீசை, நீ வா. எதிர்ப்பக்கம் யாராவது ஒருத்தர் வாங்க. இவரு எந்திரிக்கிற மாதிரி தெரியல."

அந்த இல்லத்து ஆட்களில் ஒல்லியான ஒருவர் முன்னால் வந்தார். மீசை வேண்டாவெறுப்பாக மறுபக்கம் போனார். ஒல்லி அக்கா ஜாக்கியை உட்காரவைத்து முதுகைத் தாங்கினார். மீசை கையைக் கொடுத்தார்.

"பிடிச்சாச்சு."

ஒல்லி அக்கா விட்டார். ஜாக்கி பாதி தூரம் பின்னால் சரிந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கடா பிடிச்ச?" என்றார் ஜாக்கி. "வாயாலதான் பிடிச்சிருக்க."

அந்தப் பக்கத்துச் சுவரோரம் யாரோ சிரித்தார்கள். ஊமைப்படத்தில் சிரிப்புச் சத்தம் வந்தது அன்றுதான்.

"கோவத்துல இருந்தேன்" என்றார் மீசை.

"கோவத்துல இருந்தா வார்த்த வருது, பிடி வரல. அப்போ வார்த்தைய மட்டும் நம்பி என்ன பிரயோஜனம்?"

மறுபடி செய்தார்கள். இந்த முறை ஒல்லி அக்கா வாங்குகிறவர். அவர் ஒன்றும் பேசாமல் கையைக் கொடுத்தார், நன்றாக இறுகப் பிடித்தார். ஆனால் மீசை சொல்லுக்காகக் காத்துக்கொண்டே நின்றார், அவர் சொல்லவில்லை, இருவரும் நடுவில் ஜாக்கியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள்.

"முதுகு வலிக்குது, யாராவது ஒரு முடிவுக்கு வாங்கப்பா" என்றார் ஜாக்கி.

அதுவரை தூரத்தில் நின்ற டீச்சர் கட்டில் அருகே வந்தார். "இப்போ உங்களுக்குப் பிடி இருக்கா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுதா?" என்று ஜாக்கியிடம் கேட்டார்.

"நல்லாத் தெரியுது. முதல் தடவை இல்லங்கறதும் தெரிஞ்சுச்சு."

"அப்போ நாம பிடிச்சவங்களையே பாத்துக்கிட்டு இருக்கோம். தூக்கப்படறவங்கள யாரும் கேக்கல."

சமையலறை அக்கா, "பேச முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில், விடுகிறவர் முதலில் கையைத் தளர்த்த வேண்டும், எடுக்கக் கூடாது, கனம் தன்னைவிட்டுப் போய்விட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று ஒல்லி அக்கா சொன்னதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பேசக்கூடியவர்களிடம் "விடலாமா?" என்று கேட்டு, அவர்கள் சொன்ன பிறகுதான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் ஜாக்கியைத் தூக்கி, நாற்காலியில் உட்காரவைத்து, மறுபடி கட்டிலில் போட்டது. தூக்கியவர்களில் பாதிப் பேர் அவர் கனத்தைப் பற்றி ஏதாவது சொன்னார்கள். அவர் எல்லாருக்கும் பதில் சொன்னார்.

நிர்வாகியம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். பக்கத்தில் தையல்காரம்மாவின் மகன் நின்றான். இறுகிய முகம்.

"விட்டது யார்?" என்றான், நிர்வாகியம்மாவின் அறைக்கு வந்ததும்.

"ரெண்டு பேர்" என்றார் நிர்வாகியம்மா. ஜாக்கி, டீச்சர் இருவரையும் உள்ளே கூப்பிட்டு நிறுத்தினார். "ரெண்டு வீட்டுலயும் வேற வேற வழக்கம். அது இவருக்குத் தெரியும், சொல்லல. இவங்களுக்குச் சந்தேகம் இருந்தது, கேக்கல. ஆளக் குறைப்பேன்னு பயமுறுத்திட்டு, வழக்கத்தைப் பத்தி உக்காந்து பேச நான் நேரம் குடுக்கல. இதுதான் நடந்தது. நீங்க சொல்லுங்க."

அவன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். கோபத்தை யார் மேல் வைப்பது என்று தெரியாமல், "அம்மாவக் கேக்கறேன்" என்றான்.

தையல்காரம்மா மாவுக்கட்டைத் தலையணையின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். மகன் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"இவங்கள அனுப்பிட்டா யாரு வருவா?"

"வேற ஆள் போடுவாங்க."

"புதுசா ஒருத்தர் வந்து என்னையக் கீழ போட்டுப் பழகணுமா? போட்டவங்களே இருக்கட்டும். ஒருதரம் போட்டாச்சு, இனிமே பயந்துக்கிட்டு பிடிப்பாங்க."

"விளையாட்டு இல்லம்மா."

"விழுந்தது நானு. விளையாடறது நானா?"

மகன் மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு நிர்வாகியம்மாவிடம், "அம்மா சொல்றதால விடறேன். இன்னொரு தடவை நடந்தா அம்மாவக் கேக்க மாட்டேன்" என்றான்.

ஆளைக் குறைக்கும் பேச்சு அப்போதும் போகவில்லை. யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்று அன்று யாருக்கும் தெரியாது. நிர்வாகியம்மா ஜாக்கிக்கும் டீச்சருக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கை கொடுத்தார். வேலைக்குப் போகலாம் என்றும் சொன்னார்.

அவர்கள் நேராகத் தையல்காரம்மாவிடம் போனார்கள். மகன் இன்னும் போகவில்லை, ஜன்னலோரம் நின்றான். டீச்சர் திரையை இழுத்துவிட்டுத் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. இருவரும் சேர்ந்து தையல்காரம்மாவைக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தினார்கள், மாவுக்கட்டு எங்கும் இடிக்காமல். டீச்சர் முதுகைத் தாங்கினார். ஜாக்கி சுற்றி வந்து, காலை ஊன்றி, கையைக் கொடுத்தார்.

"விடலாமாம்மா?" என்றார் டீச்சர்.

"இரு."

இருவரும் குனிந்தபடி நின்றார்கள். தையல்காரம்மா தன் பாவாடையைச் சரிசெய்தார். மாவுக்கட்டை மடிக்கு நகர்த்தினார். பின்னால் கொஞ்சம் சாய்ந்து, ஜாக்கியின் கையில் தன் கனத்தை ஒருமுறை போட்டுப் பார்த்தார். ஜாக்கியின் நெற்றியில் வியர்வை வந்துவிட்டது.

"ம். எடு."

டீச்சர் கையைத் தளர்த்தி, கனம் போய்விட்டதைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்து அடியில் கொடுத்தார். உட்காரவைத்துக் கால்களைப் பலகையில் ஏற்றி, கைக்கு ஒரு தலையணை வைத்துவிட்டு, இருவரும் அடுத்த கட்டிலுக்குப் போனார்கள்.